பகுதிநேர மாண்டிசோரி தொடக்கநிலைப் பயிற்சி: சேர்வதற்கு முந்தைய ஒரு வருடம்

மாண்டிசோரின்னு சொன்னதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்று வயசுப் பிள்ளைகள், இளஞ்சிவப்புக் கோபுரம், தரையில் விரித்த சின்னப் பாய்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயசு வரைக்கும் மாண்டிசோரி வகுப்பு உண்டு, அதற்கென்று தனி ஆசிரியர் பயிற்சியும் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. வேலையை விடாமல் அந்தப் பயிற்சியில் சேரத் தயாராகிறவர்களில் நானும் ஒருத்தி. தினமும் காலையில் ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் எதைப் படிக்க வேண்டும் என்று யோசித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் ஒரு பழைய கதை, ஏன்னா இது நம்ம ஊரோடு சம்பந்தப்பட்டது. மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார், பிரம்மஞான சபையின் அழைப்பில். சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பிரிட்டிஷ் இந்தியாவில் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மகன் மரியோவைக் கொஞ்ச காலம் காவலில் வைத்தார்கள். போர் முடியும்வரை இருவரும் இங்கேதான். நடுவில் சில காலம் கொடைக்கானலில் இருந்தார்கள். மூன்று வயசு முதல் பெரிய பிள்ளைகள் வரை ஒரே இடத்தில் படித்த சின்னப் பள்ளி அது. பெரிய பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்பதை அங்கேதான் அம்மாவும் மகனும் விரிவாக வேலை செய்து பார்த்தார்கள். பிரபஞ்சத்தின் கதையில் தொடங்கி, எல்லாப் பாடத்தையும் அதிலிருந்து கிளை பிரிக்கும் முறை அது. அதைச் சொல்லும் 'டு எஜுகேட் த ஹ்யூமன் பொட்டென்ஷியல்' என்ற புத்தகம் 1948-ல் அடையாறிலிருந்துதான் வெளிவந்தது. ஆக, வெளிநாட்டுச் சரக்கு என்று இதை முழுசாகத் தள்ளிவிட முடியாது.

பகுதிநேரப் பயிற்சி என்றால் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கோடை விடுமுறைகளில் அடுக்கி வைத்த வகுப்புகள். சில இடங்களில் வார இறுதிகள், கொஞ்சம் இணைய வகுப்பு. நடுவில் உள்ள மாதங்களில் வீட்டு வேலை, வகுப்பறைப் பார்வையிடல், பயிற்சிக் கற்பித்தல். மூன்று–ஆறு வயசுப் பட்டயம் இல்லாதவர்களுக்கு, பல மையங்களில் அதன் சாரத்தைச் சொல்லும் அடிப்படைப் படிப்பு ஒன்று முன்னால் வரும். கடைசியில் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு.

இதில் ஆளை அமுக்குவது ஆல்பம். மாண்டிசோரி ஆசிரியருக்கு அச்சடித்த பாடநூல் கிடையாது. கணிதம், வடிவியல், மொழி, வரலாறு, புவியியல், உயிரியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடித்த கோப்பை மாணவரே தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன பொருள் வேண்டும், எந்தப் பிள்ளைக்கு எப்போது, எந்த வரிசையில், எந்த வார்த்தையில், அடுத்து என்ன என்று எழுதிப் படம் போட்டுப் பயிற்சியாளரிடம் காட்டித் திருத்தி வாங்க வேண்டும். முழுநேர மாணவர் காலையில் பார்த்ததைச் சாயங்காலமே எழுதிவிடுவார். பகுதிநேர மாணவர் ஜூனில் பார்த்ததைச் செப்டம்பரில் உட்கார்ந்து எழுதப் பார்ப்பார், அதற்குள் பாதி மறந்திருக்கும். என் தயாரிப்பு முழுவதும் இந்த இடைவெளியை மனசில் வைத்துத்தான். வகுப்பில் காட்டுவது மூளைக்குப் புதுசாக இருக்கக் கூடாது. காட்டும் விதம் மட்டும் புதுசாக இருந்தால் குறிப்பு எடுக்கவும் நேரம் கிடைக்கும், எடுத்த குறிப்பும் மூன்று மாதம் கழித்துப் புரியும்.

அதனால் மரியா மாண்டிசோரியின் புத்தகங்களை வரிசையாகப் படித்து முடிப்பதை நான் முதல் வேலையாக வைக்கவில்லை. ஒன்றிரண்டு போதும். முதல் வேலை, நாம் ஐந்தாம் வகுப்புக்குள் படித்த கணக்கைத் திரும்பப் படிப்பது. செய்வதற்கு அல்ல, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதற்கு.

ஒரு உதாரணம். அரையை காலால் வகுத்தால் என்ன? "தலைகீழாக்கிப் பெருக்கு, விடை இரண்டு" என்று நாம் எல்லாரும் சொல்லிவிடுவோம். ஏன் தலைகீழாக்கணும்? மாண்டிசோரி வகுப்பில் இதற்கு மரப் பொம்மைகள் இருக்கின்றன. முழுப் பொம்மை, இரண்டாகப் பிளந்தது, மூன்றாகப் பிளந்தது, நான்காகப் பிளந்தது. 12 மாம்பழத்தை 3 பேருக்குப் பங்கிட்டால் விடை 4 என்கிறோமே, அந்த 4 எதைக் குறிக்கிறது? ஒரு ஆளுக்குக் கிடைப்பதை. வகுத்தல் என்றால் ஒரு முழு ஆளுக்கு எவ்வளவு என்ற கேள்வி. இப்போது கால் பொம்மைக்கு அரை மாம்பழம் கொடுக்கிறோம். அப்படியானால் முழுப் பொம்மைக்கு எவ்வளவு? மீதி மூன்று கால்களுக்கும் அதே பங்கு, மொத்தம் நான்கு அரை, இரண்டு பழம். நான்கால் பெருக்கியது எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கண்ணால் பார்க்கிறது. சூத்திரத்தைப் பிறகு அதுவே சொல்லும். (அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்பதைப் பேச்சிலேயே வைத்திருக்கும் மொழிக்காரர்கள் நாம், பின்னப் பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.)

இன்னொன்று, செக்கர்போர்டு. சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்ட பெருக்கல் பலகை. கீழ் வரிசையில் வலமிருந்து ஒன்று, பத்து, நூறு, ஆயிரம். அதற்கு மேல் வரிசை பத்தில் தொடங்கும். ஒன்றுக்குப் பச்சை, பத்துக்கு நீலம், நூறுக்குச் சிவப்பு. ஆயிரத்துக்கு மறுபடி பச்சை. மூலைவிட்டமாகப் பார்த்தால் ஒரே மதிப்புள்ள கட்டங்கள் ஒரே நிறம். 243-ஐ 32-ஆல் பெருக்க வேண்டும் என்று வைப்போம். கீழ் வரிசையில் இரண்டால் பெருக்கியது: 6 ஒன்றுகள், 8 பத்துகள், 4 நூறுகள். மேல் வரிசையில் முப்பதால் பெருக்கியது: 9 பத்துகள், 12 நூறுகள், 6 ஆயிரங்கள். மணிக் கம்பிகளை மூலைவிட்டமாகக் கீழே தள்ளினால் 6 ஒன்று, 17 பத்து, 16 நூறு, 6 ஆயிரம். பத்து சேர்ந்தால் அடுத்த கட்டத்துக்கு ஒன்று மாற்று. 7,776. இரண்டாவது வரியில் ஒரு இடம் தள்ளி எழுது என்று நமக்குச் சொன்னார்களே, அந்த இடம் தள்ளுவது என்னவென்று இங்கே தெரிகிறது. இதற்கு விலை கொடுத்துப் பொருள் வாங்க வேண்டியதில்லை. சார்ட் பேப்பரில் வண்ணம் அடித்து, புளியங்கொட்டை வைத்து வீட்டில் பத்து கணக்கு போட்டுப் பார்த்தால் போதும்.

இந்த நிறங்களில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. மூன்று மூன்று இலக்கமாகக் குடும்பம் பிரிக்கும் முறை இது: ஒன்றுகள், ஆயிரங்கள், மில்லியன்கள். நாமோ ஆயிரத்துக்கு மேல் இரண்டு இரண்டாகப் பிரிக்கிறவர்கள்: ஆயிரம், பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம், பிறகு கோடி. பலகையில் லட்சம் சிவப்புக் கட்டத்தில் விழும், பத்து லட்சம் புதிய குடும்பத்தின் பச்சையில் தொடங்கும். நாம் போடும் காற்புள்ளி அந்த எல்லையில் வராது. ஒன்பது வயசுப் பிள்ளை இதைக் கட்டாயம் கேட்கும். இரண்டு பிரிப்பும் மனிதர்கள் வைத்துக்கொண்ட பழக்கம், இடமதிப்பு மாறுவதில்லை என்று பதில் சொல்ல, முதலில் நமக்கு அது தெளிவாக இருக்க வேண்டும்.

மொழிப் பாடம் இன்னும் சுவாரசியம். ஆங்கில வகுப்பில் ஒவ்வொரு சொல்வகைக்கும் ஒரு குறியீடு: பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைக்குச் சிவப்பு வட்டம், பெயரடைக்கு நீல முக்கோணம், 'த', 'எ' போன்றவற்றுக்கு வெளிர்நீலத்தில் சின்ன முக்கோணம், முன்னிடைச் சொல்லுக்குப் பச்சைப் பிறை. பிள்ளை சொல் அட்டைகளை இடம் மாற்றிப் பார்த்து, எந்த மாற்றத்தில் அர்த்தம் கெடுகிறது என்று கண்டுபிடிக்கும்.

தமிழில் இதை அப்படியே எடுத்தால் வேலைக்கு ஆகாது. நமக்கு 'த' கிடையாது. 'கூடைக்குள்' என்பதில் பச்சைப் பிறையை எங்கே வைப்பது? உறவைச் சொல்லும் துண்டு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அட்டையை இடம் மாற்றும் விளையாட்டும் வேறு மாதிரி போகும். ஆங்கிலத்தில் புலியையும் ஆட்டையும் இடம் மாற்றினால் ஆடு புலியைத் தின்றுவிடும். தமிழில் "புலி ஆட்டைத் தின்றது" என்ற மூன்று சொல்லை ஆறு விதமாக அடுக்கலாம், ஆறிலும் செத்தது ஆடுதான். வேலையைச் செய்வது வரிசை இல்லை, ஐ உருபு. நம் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான். அட்டை தயாரிக்கும்போது இன்னொரு வேடிக்கை: "ஆட்டைத் தின்றது" என்பதை "ஆட்டைப் புலி" என்று மாற்றினால் ஒற்றும் மாறுகிறது. த், ப், க், ச் எல்லாவற்றையும் தனிச் சின்ன அட்டையாக வைத்துக்கொண்டால், ஒற்று மிகும் இடம் என்ற பாடம் கைவேலையாகவே வந்துவிடும் என்று தோன்றுகிறது. வாக்கியப் பகுப்பாய்வு மட்டும் தமிழுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. நடுவில் வினையின் சிவப்பு வட்டம், அதிலிருந்து அம்புகள்: எது? எதை? நாம் உருபைக் கற்றுக்கொண்டதே இந்தக் கேள்விகளால்தானே. பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தாலும், தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்கள் ஒரு நல்ல பள்ளி இலக்கண நூலை இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

கதை சொல்லும் பயிற்சியும் வேண்டும். தொடக்கநிலையில் ஐந்து பெருங்கதைகள்: பிரபஞ்சமும் பூமியும், உயிர்களின் வருகை, மனிதர்களின் வருகை, எழுத்து, எண். புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதில்லை, பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வயசுக்கு மேல் பிள்ளைக்குக் கண் முன்னால் இல்லாததைக் கற்பனையில் பிடிக்கும் சக்தி வந்துவிடுகிறது, அதற்குப் பெரிய தீனி போடு என்பதுதான் வாதம். கறுப்பு நாடா என்று ஒரு சாதனம் இருக்கிறது. எங்கள் நாகரிகம்தான் பழசு என்று பிள்ளைகள் சண்டை போட்டதைக் கேட்டு, இந்தியாவில் இருந்தபோது மரியோ மிக நீளமான கறுப்புத் துணியைச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்தார் என்று மாண்டிசோரி வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பூமியின் வயதைச் சுமார் 450 கோடி ஆண்டு என்று கொண்டு 30 மீட்டர் துணியில் அளந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 1,50,000 ஆண்டு. நம் இனத்தின் சுமார் மூன்று லட்சம் ஆண்டு முழுவதும் கடைசி இரண்டு மில்லிமீட்டர். எழுத்து பிறந்த 5,000 சொச்சம் ஆண்டு ஒரு தலைமுடியின் தடிமனுக்குக்கூட வராது. யார் நாகரிகம் பழசு என்ற சண்டைக்கு அதற்கப்புறம் இடமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வாரம் ஒரு கதை, பத்து நிமிஷம், கையில் தாள் இல்லாமல். ஆர்வமாகக் கேட்கிறார்களா, எங்கே நெளிகிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

சரி, பணம். மாண்டிசோரி என்ற பெயர் யாருடைய வணிகமுத்திரையும் இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் சான்றிதழ் கொடுக்கலாம். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் சிலது கேட்டே ஆகணும். பட்டயத்துக்கு அங்கீகாரம் கொடுப்பது யார்? 1929-ல் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கமா, 1960-ல் தொடங்கிய அமெரிக்க மாண்டிசோரி சொசைட்டியா, வேறு அமைப்பா, மையமே தனக்குத்தானே கொடுத்துக்கொள்வதா? ஆறு–ஒன்பதுக்கு மட்டுமா, ஆறு–பன்னிரண்டு முழுசுமா? பொருட்களைத் தொட்டுப் பழக எத்தனை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பாரா? ஒரு கோடை வர முடியாமல் போனால் அடுத்த தடவை சேர்த்துக்கொள்வார்களா, கட்டிய பணம் என்ன ஆகும்? எழுத்தில் வாங்குங்கள். அரசுப் பள்ளி வேலைதான் குறி என்றால், அங்கே கேட்பது தொடக்கக் கல்விப் பட்டயமும் ஆசிரியர் தகுதித் தேர்வும். இந்தப் பட்டயம் அவற்றுக்கு மாற்று ஆகாது. கடன் வாங்கிச் சேர நினைக்கிறவர்கள் இதை முதலில் யோசிக்கணும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு பயிற்சி. பார்ப்பது. ஏதாவது ஒரு வகுப்பறையிலோ நூலகத்திலோ பூங்காவிலோ ஒரு பிள்ளையை அரை மணி நேரம் பார்த்து, நடந்ததை மட்டும் எழுதுவது. "சலிப்படைந்தான்" என்று எழுதக் கூடாது, அது நம்ம தீர்ப்பு. "பென்சிலை மூன்று முறை கீழே வைத்தான், ஜன்னலைப் பார்த்தான், பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்த்தான், பிறகு ஒரு வரி எழுதினான்" என்று எழுதணும். அவன் சலித்திருக்கலாம், அடுத்த வரிக்கு யோசித்திருக்கலாம், உதவி தேடியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் செய்ய வேண்டியது வேறு. பயிற்சியில் இதற்கென்றே நாட்கள் ஒதுக்குகிறார்கள், நோட்டுப் புத்தகத்தையும் வாங்கிப் பார்க்கிறார்கள். நான் சனிக்கிழமைகளை இதற்கு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தைத் திரும்ப எடுத்து, தீர்ப்பாக வந்த சொற்களைச் சிவப்பு மையில் அடிப்பது. மற்ற நாட்களின் ஒரு மணி நேரத்தில் நான்கு நாள் கணக்கு, ஒரு நாள் இலக்கணம்.