பிடிச்ச வேலைக்கு யார் விலை கொடுக்கிறது?

மனசுக்குப் பிடிச்ச வேலை கிடைத்துவிட்டால் வாழ்க்கைக்கு அர்த்தம் வந்துவிடும் என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஆராய்ச்சிகளைப் புரட்டினால் இது பாதி உண்மைதான்.

1997-ல் ஏமி ரெஸ்நெஸ்கி என்ற உளவியலாளரும் சகாக்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வேலையை மூன்று விதமாகப் பார்க்கலாம்: சம்பளத்துக்கான வேலை, மேலே ஏறுவதற்கான கேரியர், "இதைச் செய்யத்தான் நான் இருக்கேன்" என்கிற அழைப்பு. டாக்டருக்கு மூன்றாவது, ஆபீஸ் உதவியாளருக்கு முதலாவது என்றுதானே நினைப்போம்? ஆனால் அந்த ஆய்வில் இருந்த 24 நிர்வாக உதவியாளர்கள் ஏறக்குறைய சமமாக மூன்று வகையிலும் பிரிந்து நின்றார்கள். பதவி ஒன்றுதான், பார்வை வேறு. அழைப்பாகப் பார்த்தவர்களுக்கு வேலையிலும் வாழ்க்கையிலும் திருப்தி அதிகம்.

அப்படின்னா எல்லாரும் மூன்றாவது வகைக்கு மாறிடலாமே?

அங்கேதான் சிக்கல். 2009-ல் ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்சன் இருவரும் அமெரிக்கா, கனடாவில் மிருகக்காட்சி சாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். கூண்டு கழுவணும், சாணி அள்ளணும், தீனி வைக்கணும். பலர் பட்டதாரிகள், சம்பளமோ குறைவு. அழைப்பு உணர்வு அதிகமாக இருந்தவர்களுக்கு இந்த வேலை ரொம்பவே அர்த்தமுள்ளதாகத் தெரிந்தது. ஆனால் அதே ஆட்கள்தான் அதைக் கடமையாக எடுத்துக்கொண்டு, பணம், சொந்த நேரம், சௌகரியம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். நிர்வாகம் சரியாக நடக்க வேண்டும் என்று அதிகம் எதிர்பார்த்தவர்களும் அவர்களே.

இதை நம்ம ஐடி துறையில் பொருத்திப் பாருங்கள். வேலை விளம்பரத்தில் 'பேஷன்' வேண்டும் என்று கேட்கிறார்கள். பேஷன் இருக்கிறவன் ராத்திரி பத்து மணிக்கும் லேப்டாப்பை மூட மாட்டான், ஓவர்டைமும் கேட்க மாட்டான்.

அதனால் ஆர்வத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கூடுதலாக ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இது யாருக்குப் போகிறது? நோயில் படுத்த விலங்குக்காக ஒரு ராத்திரி தங்குவது வேறு. நீங்கள் எப்படியும் தங்கிவிடுவீர்கள் என்று தெரிந்து இன்னொரு ஆளை வேலைக்கு எடுக்காமலே விடுவது வேறு. முதலாவது நீங்களாகக் கொடுப்பது. இரண்டாவதுக்கு விலை பேசலாம், பேசுவதால் அந்த வேலையின் மேல் இருக்கும் பிரியம் ஒன்றும் குறைந்துவிடாது.