பூனைக்குட்டிகளும் திடீர் ஒவ்வாமையும்

மழைக்காலத்தில் நம் நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும், தாயைப் பிரிந்த பூனைக்குட்டிகள் சாக்கடை ஓரத்திலும் மாடிப்படியின் அடியிலும் கிடந்து கத்துவது சாதாரணக் காட்சி. இரக்கமுள்ள யாரேனும் அவற்றை வீட்டிற்கு எடுத்துச் சென்று, ஈரம் துடைத்து, உணவூட்டிக் காப்பாற்றுகின்றனர். இரண்டு மூன்று மாதங்களில் குட்டிகள் தேறிவிடுகின்றன. குழந்தைகளின் படுக்கையில் உறங்கும் அளவிற்கு உரிமையும் பெற்றுவிடுகின்றன. அப்பொழுதுதான் வீட்டில் ஒருவருக்கு விடியற்காலையில் அடுக்குத் தும்மல் தொடங்குகிறது. கண் அரிக்கிறது; மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிகிறது; குட்டி நக்கிய இடத்தில் தடிப்பு எழுகிறது. சிலருக்கு நெஞ்சு இறுகி, மூச்சு விடும்போது சீழ்க்கை போன்ற ஒலியும் கேட்கிறது. இத்தனை நாள் இல்லாதது இப்பொழுது எவ்வாறு வந்தது என்று வீட்டார் திகைக்கின்றனர். அடுத்து நடப்பது பல வீடுகளில் ஒன்றே: குட்டிகளைக் கோணிப்பையில் இட்டு ஊருக்கு வெளியே விட்டு வருகின்றனர்.

இது குட்டிகளுக்குக் கொடுமை என்பது ஒருபுறம் இருக்க, நோயுற்றவருக்கும் இதனால் உடனடிப் பயன் விளைவதில்லை. பூனை போன பின்னும் பூனையால் வந்த துன்பம் மாதக்கணக்கில் அவ்வீட்டிலேயே தங்கியிருக்கும். இதன் காரணத்தை அறிந்தவர்கள் பதற்றமின்றி முறையாகச் செயற்பட முடியும்.

திடீரென்று வருவது அன்று

அலர்ஜி என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே வழங்கினார். தமிழில் இதனை ஒவ்வாமை என்கிறோம். தீங்கற்ற ஓர் அயற்பொருளை உடல் பகையெனக் கருதி அதன்மீது போர் தொடுப்பதே ஒவ்வாமையாகும். முதன்முறை அப்பொருள் உட்புகும்போது நோய்க்குறி எதுவும் தோன்றாது. ஆனால் உடல் அதனை அடையாளம் கண்டு, அதற்கெனவே ஓர் எதிர்ப்பொருளைச் சிறுகச் சிறுக உண்டாக்கிக்கொள்கிறது. இம்யூனோகுளோபுலின்-ஈ என வழங்கும் இவ்வகை எதிர்ப்பொருளை, அமெரிக்காவில் டென்வர் நகரில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிஸாகாவும் தெருகோ இஷிஸாகாவும், ஸ்வீடனில் உப்சாலா நகரத்து ஆராய்ச்சியாளர்களும் 1966, 1967-ஆம் ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிந்தனர்.

இந்த எதிர்ப்பொருள் கண், மூக்கு, மூச்சுக்குழல், தோல் ஆகியவற்றிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் அணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே அயற்பொருள் மீண்டும் வந்து தொட்டதும், அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய இரசாயனப் பொருள்களைச் சில நிமிடங்களில் வெளிவிடுகின்றன. அரிப்பும் நீர் வடிதலும் வீக்கமும் அவற்றின் விளைவுகளே. ஆகவே, திடீரென்று வந்ததாக நாம் எண்ணும் நோய், பல வாரங்களோ மாதங்களோ, சிலருக்கு ஆண்டுகளோ, வெளியே தெரியாமல் உருவாகி வந்ததாகும். நாற்பது வயதில் முதன்முறையாக இது தோன்றுவதிலும் வியப்பில்லை. முன்னமே ஒருவர் உடலில் எதிர்ப்பொருள் சிறிதளவு இருந்திருக்கலாம். எங்கோ ஒரு பூனையைக் கண்டபோது ஓரிரு தும்மலுடன் அது நின்றிருக்கும். அவர் இப்பொழுது இரண்டறை வீட்டில் நான்கு குட்டிகளுடன் இரவும் பகலும் வாழத் தொடங்கினால், அளவு மிகுந்து நோய் வெளிப்படுகிறது.

உரோமத்தின்மேல் பழி

பூனை உரோமமே நோய்க்குக் காரணம் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் உரோமம் வெறும் வாகனம். அதில் ஏறிவரும் புரதமே நோயை விளைப்பது. பூனையின் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இதனைச் சுரக்கின்றன. நாள் முழுவதும் உடலை நக்கித் தூய்மை செய்துகொள்வது பூனையின் இயல்பாதலால், உமிழ்நீர் உரோமத்தில் படிந்து, உலர்ந்து, பொடியாகிக் காற்றில் கலக்கிறது. 1974-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விவரித்த இப்புரதம் இன்று ‘ஃபெல் டி 1’ என்று குறிக்கப்படுகிறது. ஃபெலிஸ் டொமெஸ்டிகஸ் என்னும் பெயரின் முதலெழுத்துகளை எடுத்து அமைத்த குறியீடு இது.

பூனை இனம் எதுவாயினும் இப்புரதத்தைச் சுரக்கவே செய்கிறது. ஒவ்வாமை தராத பூனை என்று கூறி அதிக விலைக்கு விற்கப்படும் குட்டிகளை நம்பிப் பணத்தை இழக்க வேண்டியதில்லை. குறைந்த உரோமமுடைய பூனையும் இதற்கு விலக்கன்று. எனினும் அளவில் வேறுபாடு உண்டு. பெண் பூனைகளையும் விதைநீக்கம் செய்த ஆண் பூனைகளையும்விட, விதைநீக்கம் செய்யாத ஆண் பூனைகள் மிகுதியாகச் சுரக்கின்றன.

இப்புரதத்தின் நடமாட்டம் ஆராயத்தக்கது. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளின் கழிவும் ஒவ்வாமை விளைப்பதே. ஆனால் அதனைத் தாங்கிய துகள்கள் பெரியவை. பெருக்கும்போது எழும்பிச் சில நிமிடங்களில் தரையில் படிந்துவிடும். பூனைப் புரதத்தைத் தாங்கிய துகள்களில் கணிசமான பங்கு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கிற்கும் குறைவான பருமனுடையவை. அவை மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சுக்குழலின் சிறு கிளைகள் வரை சென்று சேரும். பூனையுள்ள வீட்டில் நுழைந்த சில நிமிடங்களிலேயே சிலருக்குக் கண் அரிப்பது இதனாலேயே. மேலும் இப்புரதம் ஒட்டும் தன்மை மிக்கது. மெத்தை, திரைச்சீலை, சுவர், உடை ஆகியவற்றில் பற்றிக்கொண்டு, பூனையையே வளர்க்காத வீடுகளுக்கும் ஆடை வழியாகச் சென்று சேர்கிறது. பூனையை அகற்றிய வீடுகளில் அளந்து பார்த்தபோது, பூனையில்லா வீட்டின் நிலைக்கு அளவு குறைய ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின.

பூனையை மூன்று நாள் உறவினர் வீட்டில் விட்டுப் பார்த்து, தும்மல் நிற்கவில்லையாதலால் அது காரணமன்று என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவதும் இதனாலேயே. பூனையை வெளியே அனுப்பிச் சோதிப்பதைவிட, நோயுற்றவர் துவைத்த உடைகளுடன் ஒரு வாரம் வேறிடத்தில் தங்கிப் பார்ப்பது தெளிவான குறிப்பைத் தரும்.

காரணத்தை உறுதி செய்தல்

பூனை வந்த பின் தும்மல் வந்ததாலேயே பூனைதான் காரணம் என்று கொள்ளலாகாது. தூசிச் சிற்றுண்ணி, கரப்பான் பூச்சி, சுவரில் படரும் பூஞ்சை, மகரந்தம் ஆகியவை நம் நாட்டில் மூக்கையும் மூச்சுக்குழலையும் வருத்தும் முக்கியமான காரணங்கள். மழைக்கால ஈரத்தில் சிற்றுண்ணியும் பூஞ்சையும் பெருகுவதும் உண்டு. முன்கையில் சாறு ஒரு துளியிட்டு, மெல்ல ஊசியால் குத்தி, 15 முதல் 20 நிமிடங்களில் எழும் தடிப்பை அளக்கும் தோற்சோதனை இதனைப் பிரித்தறிய உதவும். சோதனைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளை மருத்துவர் கூறியபடி நிறுத்த வேண்டும். இல்லையேல் தடிப்பு எழாமல் போகும். தோற்சோதனைக்கு இயலாதவர்களுக்கு இரத்தச் சோதனை உண்டு. எந்தச் சோதனையும் நோயின் வரலாற்றோடு பொருந்தினால்தான் பொருள் தரும்.

தோலில் தோன்றுவன அனைத்தும் ஒவ்வாமையல்ல என்பதைக் களப்பணியாளர்கள் வீட்டாருக்கு எடுத்துக் கூறுதல் நன்று. தெருக்குட்டிகளிடமிருந்து படர்தாமரை குழந்தைகளுக்குத் தொற்றுவது உண்டு; வட்ட வடிவில், ஓரம் சிவந்து, செதிலுடன் அது பரவும். கணுக்காலைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக எழும் புள்ளிகள் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சிக் கடியே. இவை இரண்டிற்கும் குட்டிக்கும் மனிதருக்கும் ஒருங்கே சிகிச்சை செய்தால் தீர்வு கிடைக்கும். குட்டியை விரட்ட வேண்டியதில்லை.

கீறலும் கடியும் வேறு வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டில் ரேபீஸ் நோய் இன்றும் உயிர்களைக் கொள்ளை கொள்கிறது; அது பூனை வழியாகவும் வரும். குட்டிதானே என்று அலட்சியம் செய்யலாகாது. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவ நிலையத்திற்குச் செல்ல வேண்டும். காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ இடுதல் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை

நோய் மூக்கோடும் கண்ணோடும் நிற்கிறதாயின், பூனையுடன் வாழ்ந்துகொண்டே துன்பத்தைக் குறைக்க முயலலாம். எல்லாவற்றிற்கும் முதற்படி, உறங்கும் அறையில் பூனையை எக்காலத்தும் அனுமதியாதிருத்தல். நாளில் மூன்றிலொரு பங்கை நாம் கழிக்கும் இடம் அது. படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்க வேண்டும். கம்பளமும் ஜமக்காளமும் புரதத்தைச் சேமித்து வைக்கும் கிடங்குகள். சிமெண்டுத் தரையோ மொசைக் தரையோ உள்ள நம் வீடுகளுக்கு இவ்விஷயத்தில் இயற்கையாகவே அனுகூலம் உண்டு. ஆனால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் அந்த அனுகூலம் வீணாகும். ஈரத்துணியால் துடைத்தலே முறை. ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் அளித்தல் செலவில்லாத உதவி. உரோமத்தை வாருவதும் மணல் தட்டைச் சுத்தம் செய்வதும் ஒவ்வாமை இல்லாதவரின் பணியாகட்டும். பூனையைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

பூனையைக் குளிப்பாட்டுவது பலர் கூறும் யோசனை. குளித்த உடன் அளவு குறைவது உண்மையே. ஆயினும் ஒரு வாரத்திற்குள் பழைய நிலை திரும்பிவிடுவதாலும், வாரந்தோறும் பூனையைக் குளிப்பாட்டியவர் கையில் உள்ள கீறல்களை எண்ணிப் பார்த்தாலும், இதனைப் பரிந்துரைக்க மனம் வருவதில்லை. நுண்துகள்களை வடிகட்டும் காற்றுத் தூய்மைக் கருவிகள் காற்றிலுள்ள அளவைக் குறைக்கின்றன. நோயும் அதே அளவில் குறையும் என்று உறுதி கூற முடியாது. கோழிமுட்டையில் உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பூனையின் உணவில் கலக்கும் முறை ஒன்று 2019-இல் வெளிவந்தது. மூன்றாம் வாரம் முதல் உரோமத்திலுள்ள செயலூக்கமுள்ள புரதம் சராசரியாக 47 சதவீதம் குறைந்ததாக அந்த ஆராய்ச்சி தெரிவிக்கிறது. இது பூனையின் உரோமத்தில் அளந்த கணக்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மருந்துகளைப் பொறுத்தவரை, கடையில் எளிதில் கிடைக்கும் குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் உறக்கத்தை வருவிப்பவை. நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் பல கிராமங்களுக்குச் செல்லும் பணியாளர்கள் அவற்றை உட்கொண்டு வண்டி ஓட்டுதல் ஆபத்து. செடிரிசின், லொராடடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவை பிற்காலத்தவை. உறக்கம் குறைவு, எனினும் செடிரிசின் சிலரைச் சோர்வுறச் செய்யும். மூக்கடைப்பு மிகுந்தவர்களுக்கு மருத்துவர் அளிக்கும் ஸ்டீராய்டு நாசித் தெளிப்பு, நாள்தோறும் உபயோகித்தால் சில நாட்களில் முழுப் பயன் தரும். ஒரு நாள் தெளித்துவிட்டுப் பயனில்லை என்று ஒதுக்குவது பெரும் தவறு. ஒவ்வாப் பொருளையே சிறுசிறு அளவில் செலுத்தி உடலைப் பழக்கும் முறையை 1911-இல் லண்டனில் லெனர்ட் நூன் என்பவர் மகரந்தத்திற்கு வெளியிட்டார். பூனைக்கும் இம்முறை உண்டு. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பொறுமை வேண்டும். அரிதாகக் கடும் எதிர்விளைவு நேரக்கூடுமாதலால், அட்ரினலின் ஆயத்தமாக உள்ள இடத்திலேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் காணத்தக்கவை

வகுப்பில் ஒரு குழந்தை காய்ச்சலின்றி வாரக்கணக்கில் மூக்கொழுக இருப்பதும், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பதும் ஆசிரியர் கண்ணுக்கு முதலில் படும். மருத்துவர்கள் அச்செயலை ‘ஒவ்வாமைச் சலாம்’ என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவது உண்டு. ஜலதோஷம் பத்து நாளில் அடங்கும், இது அடங்குவதில்லை. விளையாடும்போதோ இரவிலோ இருமலும் இளைப்பும் உண்டா என்று பெற்றோரிடம் விசாரித்தல் மிகவும் பயன்படும். பூனை ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ள பள்ளிக் குழந்தைகளை ஸ்வீடன் நாட்டில் ஆராய்ந்தபோது, பூனை வளர்ப்போர் மிகுந்த வகுப்புகளில் படித்த குழந்தைகளுக்கு, பள்ளி திறந்தபின் நோய் அதிகரித்தது. அக்குழந்தைகளின் வீட்டில் பூனை இல்லை. சக மாணவரின் உடையே அதனைக் கொண்டு வந்தது. இதனை அறிந்த ஆசிரியர், பூனை வளர்க்கும் மாணவனை எழுப்பி நிறுத்தி நாணச் செய்ய மாட்டார். இருவரையும் தள்ளி அமர்த்துவதும், பள்ளி உடையைப் பூனை படுக்காத இடத்தில் மாட்டி வைக்குமாறு பொதுவாகக் கூறுவதும் போதும்.

குட்டியை அனுப்ப நேர்ந்தால்

இளைப்பு தோன்றிவிட்டால் நிலைமை மாறுகிறது. மேற்கூறிய முயற்சிகளும் முறையான இழுப்பு மருந்தும் இருந்தும், இரவுதோறும் குழந்தை எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறுமாயின், அவ்வீட்டில் பூனை இருக்கலாகாது. இதில் தயக்கத்திற்கு இடமில்லை. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாமை, உதடு நீலம் பூத்தல், இழுப்பு மருந்துக்கும் அடங்காமை ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய குறிகள். இழுப்பு மருந்து பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தால் அதனை மறைத்து வைக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்தை, வேண்டிய இடத்திற்கே கொண்டு சேர்க்கும் சாதனம் அது என்பதை அவர்களுக்குப் பொறுமையுடன் விளக்க வேண்டும்.

அனுப்புவது என்பது தெருவில் விடுவதன்று. பசியாலும் தாகத்தாலும் வருந்தக்கூடிய நிலையில் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். வீட்டில் பழகிய குட்டி தெருவில் நெடுநாள் பிழைப்பதும் அரிது. வேறு வீடு கிடைக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். ஐந்து மாதக் கணக்கை முன்பே கண்டோமாதலால், அக்குட்டி அவ்வளவு நாள் மாடத்திலோ திறந்த தாழ்வாரத்திலோ இருப்பதில் பெரிய இழப்பு இல்லை. குழந்தையின் அறைக்குள் வராதிருந்தால் போதும். நோய் கடுமையாயின், வீடு கிடைக்கும் வரை அண்டை வீட்டார் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். ஏற்றுக்கொள்பவர் வீட்டில் ஆஸ்துமா உடையவர் எவரேனும் உண்டா என்று கேட்டறிந்து, தடுப்பூசிச் சீட்டுடன் ஒப்படைத்தல் முறை. கருத்தடை அறுவையையும் அதற்குள் முடிக்க இயலுமாயின், ஏற்பவர் எளிதில் கிடைப்பர்.

குட்டி சென்ற பின் மெத்தை உறை, திரைச்சீலை, தலையணை ஆகியவற்றைத் துவைத்தும், துவைக்க இயலாதவற்றை அகற்றியும், சுவரின் கீழ்ப்பகுதியை ஈரத்துணியால் துடைத்தும் விட்டால், ஐந்து மாதக் காலம் ஓரளவு சுருங்கும். அதுவரை மருந்தை நிறுத்தலாகாது. நிறுத்தும் நாளை மருத்துவர் குறிப்பார்.