ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டர்: எஸ்எம்பிஎஸ், கேபினட், ஃபேன் மாற்றும் முன்...

சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றால் டிவி ரிமோட் முதல் பிரிண்டர் வரை எல்லாவற்றையும் சரி செய்யத் தெரியும் என்பது நம் உறவினர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினேன். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடுகிறது. எஸ்எம்பிஎஸ்சை மாற்றினால் சரியாகிவிடுமா?"

சரியாகலாம். ஆனால் கடையில் நம் கண் முன்னால் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் பதில் வேறு. கம்பெனி பெயருடன் முழுப் பெட்டியாக வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் என்றால் பதில் வேறு. முதலாவதில் எந்தக் கடையில் எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் மாட்டிவிடலாம். இரண்டாவதில், வாங்கி வந்த எஸ்எம்பிஎஸ் உள்ளேயே நுழையாமல் போகலாம். நுழைந்தாலும் கனெக்டர் பொருந்தாமல் போகலாம். எனவே பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டிசி ஆக மாற்றித் தரும் உலோகப் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் வெளிப்பெட்டி கேபினட். ரெடிமேட் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இந்த இரண்டிலும், ஃபேன்களிலும்தான் சிக்கனம் பிடிப்பார்கள். காரணம் எளிது. பிராசசர் என்ன, கிராபிக்ஸ் கார்டு என்ன, ராம் எத்தனை ஜிபி என்று எல்லோரும் கேட்கிறோம். எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்று யார் கேட்கிறார்கள்?

நோய் எது என்று முதலில் பாருங்கள்

திடீரென அணைவது வேறு, மெதுவாவது வேறு. கேம் ஓடும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மொத்தமாக அணைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரம் தரும் பகுதியை. அணையாமல், பதினைந்து நிமிடம் கழித்து படம் தடுமாறத் தொடங்கி, ஃபேன் சத்தம் ஏறினால் அது சூடு. இன்றைய பிராசசர்கள் சூடு எல்லையைத் தொட்டதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெலின் அண்மைக்கால பிராசசர்கள் பலவற்றில் இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் 95.

கிராபிக்ஸ் கார்டின் சூட்டை விண்டோஸ் 11 டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பிரிவிலேயே பார்க்கலாம். பிராசசர் சூடு அங்கே கிடையாது. அதற்கு எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச புரோகிராம் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது செலவே இல்லாத ஒரு சோதனை. அரை மணி நேரம் கேம் விளையாடிவிட்டு சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். மீண்டும் இணைத்து, அதே கேமை அதே அரை மணி நேரம் ஓட்டுங்கள். உள்ளே கை வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் அருகில் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். மதுரையில் என் சித்தி மகனின் கம்ப்யூட்டரில் சென்ற மே மாதம் இப்படிச் செய்தபோது, 96 டிகிரியில் நின்ற பிராசசர் 81க்கு இறங்கியது. அதாவது பிராசசர் கூலரில் குறை இல்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய கேபினட்டுக்குள் காற்று போக வழியில்லை. அவனோ அதற்குள் வாட்டர் கூலர் ஒன்றுக்கு விலை விசாரித்து வைத்திருந்தான்! மூடியைக் கழற்றியும் ஓரிரு டிகிரிதான் குறைந்தது என்றால் கேபினட்டைக் குறை சொல்ல வேண்டாம். கூலரையும் அதன் அடியிலுள்ள தெர்மல் பேஸ்ட்டையும் பாருங்கள்.

எத்தனை வாட் வேண்டும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்டெல் கோர் ஐ5 12400எஃப் பிராசசர் அதிகபட்சமாக 117 வாட் எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 60 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 292. கம்பெனி 400 அல்லது 450 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டுக் கொடுத்திருந்தால் அது போதும். இப்போது 4060ஐ எடுத்துவிட்டு 200 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 4070 போடுகிறீர்கள். மொத்தம் 377. "450க்குள்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். கிராபிக்ஸ் கார்டுகள் ஒரு விநாடியில் மிகச் சிறிய பங்கு நேரத்துக்கு இந்த அளவைத் தாண்டி எகிறும். அதைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் பாதுகாப்புக்காக அணைந்துகொள்ளும். 4070க்கு என்விடியாவே 650 வாட் எஸ்எம்பிஎஸ் பரிந்துரைப்பது இதனால்தான்.

650 வாட் வாங்கினால் கரண்ட் பில் ஏறுமே என்று பயப்பட வேண்டாம். அது தரக்கூடிய உச்ச அளவுதான் 650. கம்ப்யூட்டர் கேட்பதை மட்டுமே அது தரும். பில்லைப் பாதிப்பது அதன் திறன். 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்றது பாதிச் சுமையில் 85 சதவீதமும், கோல்டு 90 சதவீதமும் திறன் காட்ட வேண்டும் என்பது 115 வோல்ட் சோதனையின் விதி. அந்தத் திறனில் கம்ப்யூட்டர் 300 வாட் கேட்டால் பிரான்ஸ் சுவரிலிருந்து 353 வாட் இழுக்கும், கோல்டு 333. மிச்சமெல்லாம் சூடாகப் போகிறது. தினம் இரண்டு மணி நேரம் விளையாடுபவருக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. பிரான்ஸ் போதும் என்பதே என் கருத்து. ஆனால் சான்றே இல்லாமல், "600 வாட்" என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி, கையில் எடுத்தால் காலி டப்பா போல் இருப்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

யுபிஎஸ்சையும் மறந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் அதிகம் இருப்பது 600 விஏ யுபிஎஸ். அது பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மேலே பார்த்த 377 வாட் கம்ப்யூட்டரையும் ஒரு மானிட்டரையும் அதில் மாட்டினால், கரண்ட் போன மறு நொடி எல்லாம் அணையும். புது எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் ஒரு முறை யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி விளையாடிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பொருந்துமா?

இதுதான் முக்கியமான இடம். 1995ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவு முறையைக் கொண்டுவந்தது. கடைகளில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்கள் இந்த முறைப்படி 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம் இருக்கும். மதர்போர்டில் மாட்டும் பெரிய கனெக்டரில் 24 பின்கள். ஆனால் டெல், எச்பி போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்சின் வடிவமும் கனெக்டரும் வேறு. 1990களின் பிற்பகுதியில் வந்த டெல் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் கனெக்டர் அச்சு அசலாக ஏடிஎக்ஸ் போலவே இருக்கும். உள்ளே ஒயர்களின் வரிசை மட்டும் மாறியிருக்கும். சாதாரண எஸ்எம்பிஎஸ்சை அதில் மாட்டினால் மதர்போர்டு போய்விடும் அபாயம் இருந்தது. இன்று பெரும்பாலும் கனெக்டரே வேறு என்பதால் அந்த அளவுக்கு ஆபத்தில்லை.

மூடியைக் கழற்றி, மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரின் பின்களை எண்ணுங்கள். 24 என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 6, 8 அல்லது 10 பின்தான் என்றால், 12 வோல்ட் மட்டும் தரும் வகை எஸ்எம்பிஎஸ் அது. 10 பின் முறைக்கு இன்டெல் 2019ல் ஏடிஎக்ஸ்12விஓ என்று பெயர் சூட்டியது. 6, 8 பின் வகைகள் அந்தந்தக் கம்பெனியின் சொந்த ஏற்பாடு. இன்னொரு அடையாளம்: ஹார்ட் டிஸ்க்குக்கான மின் ஒயர் எஸ்எம்பிஎஸ்சிலிருந்து வராமல் மதர்போர்டிலிருந்து வரும்.

அப்படிப்பட்ட பெட்டி உங்களுடையது என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ்சுக்கு ஒரு அடாப்டர், அது வெளியே நீட்டுகிறது என்று ஒரு கேபினட், கேபினட் மாற்றினால் பவர் சுவிட்ச் ஒயர் சேரவில்லை என்று இன்னொரு அடாப்டர் எனப் போய், கடைசியில் புது மதர்போர்டில் வந்து நிற்கும். அதைவிட இருக்கும் எஸ்எம்பிஎஸ்சுக்கு ஏற்ற கார்டைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். 2024ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு 70 வாட்தான் எடுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை தரலாம் என்பதால், தனி மின் ஒயர் தேவைப்படாத மாடல்கள் அதில் உண்டு. மாட்டும் முன் உங்கள் பெட்டியின் ஸ்லாட் முழு 75 வாட் தருகிறதா என்று கம்பெனியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயர் விஷயத்தில் விளையாடாதீர்கள்

கிராபிக்ஸ் கார்டின் 8 பின் கனெக்டர் 150 வாட் தரக்கூடியது. எஸ்எம்பிஎஸ்சில் அது இல்லையென்றால் சாட்டா ஒயரை 8 பின்னாக மாற்றும் அடாப்டரைக் கடையில் கொடுப்பார்கள். சாட்டா பவர் கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட்தான். 150ஐ அதில் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். வாங்காதீர்கள்.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில் ஒயர்களைத் தனியே கழற்றி மாட்டலாம். டிஸ்க் பக்கம் கனெக்டர் ஒரே மாதிரிதான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கிடையே கூட மாறலாம். என் அலுவலக நண்பர் ஒருவர் புது எஸ்எம்பிஎஸ் மாட்டும்போது, கேபினட்டுக்குள் அழகாகக் கட்டி வைத்திருந்த பழைய சாட்டா ஒயரை ஏன் பிரிக்க வேண்டும் என்று அப்படியே புதியதில் செருகினார். பொருந்தியது. ஆன் செய்ததும் ஒரு வாசனை. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் போய்விட்டன. ஒன்றில் அவர் மகள் பிறந்த நாள் முதல் ஐந்து வருடப் போட்டோக்கள். மற்றதில் அதன் பேக்கப். எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது அதனுடன் வந்த ஒயர்களை மட்டுமே பயன்படுத்துங்கள். அதற்கு முந்தைய நாள் பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

புதிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டரை ஓசை வரும்வரை முழுமையாக அழுத்திச் செருக வேண்டும். 2022ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் இது உருகியதற்குச் சரியாகச் செருகாததும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. 2023ல் கனெக்டரைத் திருத்தியமைத்தார்கள். அதற்குப் பிறகும் உருகிய சம்பவங்கள் வந்திருக்கின்றன. கனெக்டரை ஒட்டியே ஒயரை மடக்கவும் வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் பவர் கார்டைப் பிடுங்கி, முன்பக்க பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். என்ன ஆனாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கக் கூடாது. அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் உண்டு. கார்டைப் பிடுங்கிய பிறகும் அவை ஷாக் அடிக்கும்.

கேபினட்டும் ஃபேனும்

கேபினட் மாற்ற ஸ்கேலை எடுத்து மதர்போர்டை அளந்துகொள்ளுங்கள். 305க்கு 244 மி.மீ. என்றால் ஏடிஎக்ஸ், 244க்கு 244 என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ். இரண்டுக்கும் இடையே ஏதோ ஒரு அளவு வந்தால் ஸ்குரூ துளைகள் பொருந்துமா என்று பார்த்த பிறகே கேபினட் வாங்குங்கள். யுஎஸ்பி, ஆடியோ துளைகளைச் சுற்றியிருக்கும் பின்பக்கத் தகடு தனியாகக் கழன்று வர வேண்டும். கேபினட்டோடு சேர்ந்தே இருந்தால் புதிய கேபினட்டில் அங்கே பெரிய ஓட்டைதான் இருக்கும். புதிய கேபினட்டில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டேண்ட்கள் துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்கட்டும். துளையில்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் ஷார்ட் ஆகும்.

முன்பக்கம் சல்லடை போல் வலை அடித்த கேபினட்டாகப் பார்த்து வாங்குங்கள். கலர் விளக்கு கடைசியில் பார்க்க வேண்டியது. முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குப் போதும். ஃபேனில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். இதைக் கவனிக்காமல் மூன்றையும் உள்ளே ஊதும்படி மாட்டியவர்கள் உண்டு.

12400எஃப் போன்ற பிராசசருக்கு வாட்டர் கூலர் தேவையே இல்லை. சாதாரண டவர் கூலர் போதும். உயரம் கேபினட்டுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதியது வைத்தால் போதும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்! எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி என்றால், இணையத்தில் குளிர்நாட்டுக்காரர் காட்டும் 60 டிகிரியை எதிர்பார்க்க முடியாது. 80ஐ ஒட்டி நின்றால் நிம்மதியாக விளையாடுங்கள்.

சில கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் பழைய ஃபேனைக் கழற்றினால், ஆன் செய்யும்போதெல்லாம் ஃபேன் கோளாறு என்று திரையில் செய்தி வந்து நிற்கும். மாற்று ஃபேனையும் அதே 4 பின் இணைப்பில் மாட்டிப் பாருங்கள். வாரண்டி காலத்துக்குள் இதையெல்லாம் செய்வதாக இருந்தால், பெட்டியைத் திறக்கலாமா என்று கம்பெனியிடம் ஈமெயிலில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய எஸ்எம்பிஎஸ், கேபினட், ஃபேன், ஸ்குரூக்கள் அத்தனையையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, எந்த மாடலுடையது என்று மேலே எழுதிப் பரணில் வையுங்கள். சர்வீசுக்குக் கொடுக்கும்போது பழையபடி மாட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.