பட்டியலே இல்லாமல் ஹிட்டான பாட்டுகள்

ஒரு பாட்டு 'ஹிட்' என்று யார் முடிவு செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை, கடைகளிடம் இசைத்தட்டு விற்பனைக் கணக்கைக் கேட்டு வாங்கித் தன் முதல் பட்டியலை அச்சிட்டது. அடுத்த மாதமே இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. சில ஆண்டுகளில் இந்திப் பாட்டுகளுக்கு வாராவாரம் தரவரிசை சொல்லும் நிகழ்ச்சியாக அது வளர்ந்தது. தமிழில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அப்படியொரு பட்டியல் அமையவில்லை. ஆனாலும் எந்தப் பாட்டு ஓடுகிறது என்பதில் நம் கோபிசெட்டிபாளையத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1976 மே மாதம் வெளியான 'அன்னக்கிளி' தெங்குமரஹாடாவில் எடுத்த படம். பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் போய், மாயாற்றைப் பரிசலில் கடந்து சேர வேண்டிய ஊர் அது. நீலகிரி மாவட்டக் கணக்கில் இருந்தாலும், சத்தியமங்கலத்துப் பக்கத்து ஊராகத்தான் நமக்குப் பழக்கம். படமோ கறுப்பு வெள்ளை, இசையமைப்பாளரோ புதியவர். படத்துக்குத் திரைக்கதை எழுதிய பஞ்சு அருணாசலத்தின் முன்னால் மேசையில் தாளம் தட்டி இளையராஜா பாடிக்காட்டிய மெட்டுகள்தான் அந்த வாய்ப்பை வாங்கித் தந்தன. அவற்றின் வேர் அவர் ஊரான பண்ணைப்புரத்து வயல்காட்டில் இருந்தது. அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போய் வாசித்த மேடைகளில் இருந்தது. எஸ். ஜானகியின் குரலில் அவை ஊருக்குள் வந்தபோது, முன்பே எங்கோ கேட்ட பாட்டுப் போல ஜனங்கள் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் பாட்டைப் பரப்பியது வானொலியும் மைக்செட்டும்தான். வானொலிக்குத் தபால் அட்டையில் எழுதிப் போட்டால், 'நேயர் விருப்ப'த்தில் பாட்டோடு நம் பேரும் வரும். மைக்செட்டுக்கு அட்டையும் வேண்டாம். பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயில் நோம்பியோ, கல்யாண வீடோ, சாமி பாட்டில் தொடங்கி சினிமாப் பாட்டுக்கு வந்ததும், "அதையே இன்னொருக்கா போடுங்ணா" என்று யாராவது வந்து நிற்பார்கள். ஊசியைத் தூக்கி அதே இடத்தில் வைக்க வைக்கத் தட்டில் கீறல் விழும். எந்தப் பாட்டு அதிகமாகக் கரகரத்ததோ, அதுதான் அந்த ஊரின் நம்பர் ஒன். இதைவிட நேர்மையான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளில் கேசட் வந்தது. அதே காலத்தில்தான் கோபியை அடுத்த வெள்ளாங்கோவிலில் பிறந்த இயக்குநர் கே. பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' 1983இல் வந்தது. 'இது நம்ம ஆளு' (1988) படத்துக்கு அவரே இசையும் அமைத்தார். அப்போது, கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடைதான் பாட்டுப் பிரியர்களின் கோயில். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு, அவ்வளவுதான் இடம். நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுகளை எழுதி, ஒன்றை அடித்து இன்னொன்றைச் சேர்த்து, காசும் கொடுத்துவிட்டு வர வேண்டும். விருப்பத்துக்கு ஒரு விலை இருந்தது. பாட்டை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்றைய அளவுகோல் யூடியூப். 2011 நவம்பர் 16இல் வெளியான 'கொலவெறி' தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' 2020 நவம்பரில் நூறு கோடிப் பார்வைகளைத் தொட்டது. இவை மக்கள் விரும்பிய பாட்டுகள்தான். அதில் வழக்கே இல்லை. ஆனால் எண்ணிக்கை மட்டுமே சாட்சியாகாது. 2019 ஜூலையில் ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' ஒரே நாளில் ஏழரைக் கோடிப் பார்வைகளைப் பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, விளம்பரம் மூலம் வந்த பார்வைகள் பற்றிக் கேள்வி எழுந்தது. அந்த செப்டம்பரிலேயே, காசு கொடுத்த விளம்பரப் பார்வைகளைத் தன் இசைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று யூடியூப் விதியை மாற்றியது.

கோபியிலும் சத்தியிலும் பழைய ரெக்கார்டிங் கடைக்காரர்கள், சவுண்ட் சர்வீஸ்காரர்கள் வீட்டுப் பரணில் அந்தப் பாட்டு நோட்டுகளும் கீறல் விழுந்த தட்டுகளும் இன்னும் கிடக்கலாம். தமிழ்ப் பாட்டுக்கு மக்கள் எழுதிய பட்டியல் அவைதான். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போனில் படம் பிடித்தாவது வையுங்கள்.