காரை ‘லோ’ பண்ணி அகல டயர் போடலாமா? காசு கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

‘மச்சி, ஸ்பிரிங்கை மாத்தி கொஞ்சம் இறக்கி, 17 இன்ச் அலாய் போட்டா வண்டி வேற லெவல்!’ - கார் வாங்கிய முதல் வருடத்தில் இந்த ஆசை எட்டிப் பார்க்காத இளைஞர்கள் குறைவு. ரீல்ஸில் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே வண்டியைத்தான் தினமும் வேலைக்கும் ஓட்டப் போகிறோம் என்றால் விஷயம் வேறு.

மரச்சிற்பத்துக்குப் பெயர்போன சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் இருந்து தினமும் ஆத்தூர் போய் வரும் ஒரு மாருதி ஸ்விஃப்ட்டை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அதே காரில் அப்பா, அம்மா, தங்கச்சியோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற வேண்டும். இந்த வண்டியை 40 மி.மீ. இறக்கி, அகலமான டயர் போட்டால் என்ன ஆகும்?

வேகத்தடையில் இடிக்குமா?

ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அதில் 40 போனால் மீதி 123.

இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டுதல்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.45 மீட்டர்தான். அதனால் அகலமான வேகத்தடையில் நான்கு சக்கரமும் சேர்ந்தே மேலே ஏறிவிடும். வண்டியின் நடு வயிற்றுக்குக் கீழே தடை எட்டிப் பார்ப்பது சுமார் 4.5 செ.மீ. மட்டுமே. இறக்கிய வண்டியும் தப்பித்துவிடும்.

சிக்கல், ஊருக்குள் ஒன்றரை அடி அகலத்தில் குத்தென்று எழுப்பி வைத்திருக்கும் தடைகளில்தான். அங்கே 10 செ.மீ. உயரமும் முழுசாக வண்டிக்கு அடியில் வந்துவிடும். 123-ல் 100 போனால் மிச்சம் 23 மி.மீ. ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் ஒரு அரிசி மூட்டையும் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி அந்த இடைவெளியும் காணாமல் போகும். அடி வாங்குவது பெரும்பாலும் ஆயில் சேம்பர். அது உடைந்து ஆயில் ஒழுகினது தெரியாமல் ஓட்டினால், இன்ஜினே போய்விடும்.

பெரிய வீல் போட்டால் உயரம் திரும்ப வருமா?

‘வண்டியை இறக்கினா என்ன, வீல் பெருசாதானே போடுறோம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்தாலே இதற்குப் பதில் கிடைக்கும். 185/65 ஆர்15 என்றால், டயரின் அகலம் 185 மி.மீ., அதில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், ரிம்மின் விட்டம் 15 இன்ச்.

ஸ்விஃப்ட்டின் ஆரம்ப மாடல்களில் 165/80 ஆர்14 டயர் வருகிறது. தரையில் இருந்து அதன் மொத்த உயரம் 620 மி.மீ. மேல் மாடல்களில் வரும் 185/65 ஆர்15-ன் உயரம் 622. வெளியே வாங்கிப் போடும் 195/55 ஆர்16-க்கு 621. 205/45 ஆர்17-க்கு 616. அதாவது வீல் 14-ல் இருந்து 17 இன்ச் ஆனாலும் வண்டி ஒரு மி.மீ. கூட உயரவில்லை.

குறைந்தது பக்கச் சுவர்தான். 14 இன்ச்சில் 132 மி.மீ. இருந்த ரப்பர், 17 இன்ச்சில் 92 மி.மீ. ஆகிவிட்டது. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அந்த ரப்பர். அது மெலிந்தால் ரிம் வளையும், டயர் பக்கவாட்டில் புடைக்கும், முதுகுக்கும் வலி வரும்.

சரி, உயரமான டயராகவே போட்டுவிட்டால்? வண்டி ஏற்கெனவே இறங்கியிருப்பதால் ஃபென்டருக்குள் இடம் இருக்காது. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். டயர் உயரம் 3 சதவீதம் கூடினால், மீட்டரில் 60 காட்டும்போது காட்ட வேண்டியதைவிட சுமார் 2 கி.மீ. வேகம் கூடியிருக்கும்.

எங்கே உரசும்?

இதை முடிவு செய்வது வீலின் அகலமும் ‘ஆஃப்செட்’ எனப்படும் அளவும். வீலை ஹப்போடு முடுக்கும் தளம், வீலின் நடுக்கோட்டில் இருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். உதாரணத்துக்கு, 5.5 இன்ச் அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள வீலைக் கழற்றிவிட்டு, 7 இன்ச் அகலம், 35 ஆஃப்செட் உள்ள வீலைப் போட்டால், வெளிப்பக்கம் 29 மி.மீ. தள்ளி நிற்கும். உள்பக்கமும் 9 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கும்.

கடையில் காலி வண்டியில் பார்க்கும்போது எதுவும் உரசாது. அதனால் பணம் கொடுக்கும் முன் நான்கு பேரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, மெதுவாக ஒரு வேகத்தடை ஏறி இறங்கிப் பாருங்கள். மாருதி ஹப்பின் நடு விட்டம் 54.1 மி.மீ. வெளி அலாய்களில் நடு ஓட்டை பெரும்பாலும் இதைவிடப் பெரியதாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடவில்லை என்றால் ஸ்டீயரிங் அதிர வாய்ப்பு உண்டு.

அகல டயரால் லாபமே இல்லையா?

காய்ந்த ரோட்டில் வளைவுகளில் பிடிமானம் கூடும். ஆனால் மழை நீர் தேங்கிய ரோட்டில் அகல டயர் சீக்கிரமே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். மைலேஜ் குறையும், வீல் பேரிங்குக்கும் வேலை கூடும்.

வண்டியை இறக்கியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இறங்கிய வண்டியில் சக்கரம் உள்பக்கம் சாயும். டயரின் உள் ஓரம் மொட்டையாகிவிடும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. டயரின் சுமை எண்ணையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோதான். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. செலவை மிச்சப்படுத்த இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்துப் போடுவது எல்லாவற்றையும் விட ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு க்ளைம் கேட்கும்போது வம்பாக முடியலாம்.

அப்போ என்னதான் செய்வது?

தினமும் ஓடும் குடும்ப வண்டிக்கு நல்ல வழி, அதே மாடலின் மேல் வேரியன்ட்டுக்கு கம்பெனியே கொடுக்கும் அளவுக்கு மாறுவது. ஸ்விஃப்ட் என்றால் 185/65 ஆர்15. டயர் 20 மி.மீ. அகலமாகும், வண்டியின் உயரமும் அப்படியே இருக்கும். இறக்கியே ஆக வேண்டும் என்றால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவில் உள்ள வேகத்தடையை அளந்து பாருங்கள். தினமும் அதைத் தாண்டித்தானே வீட்டுக்கு வர வேண்டும்!