தாதிமைக் கல்வியில் பயிற்றுத் தொழில்நுட்பமும் நோயாளியின் மொழியும்: மூவார் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

தாதிமை, சுகாதார அறிவியல் ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்களுக்குக் கற்பிப்பதில் பயிற்றுத் தொழில்நுட்பம் இன்று பெரும்பங்கு வகிக்கின்றது. மூச்சுவிடும் பொம்மை, திரையில் தோன்றும் நோயாளி, காணொலிப் பாடம், இணையத் தேர்வு எனப் பல வடிவங்களில் அது வகுப்பறைக்குள் வந்துள்ளது. அது எவ்வாறு வளர்ந்தது, எதனைக் கற்பிக்க வல்லது என்பதனை விளக்குவதும், மலேசியச் சூழலில் அதனுள் இன்னும் இடம்பெறாத ஒன்றாகிய நோயாளியின் மொழியினைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. சுல்தானா பாத்திமா சிறப்பு மருத்துவமனை இந்நகரில் உள்ளது. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியும் இங்கு உண்டு. லானாட்ரோன் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனை அறுத்தும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் முதியோர் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். இவர்தம் இளமைக் காலத்தில் நோய் என்றால் முதலில் போய் நின்றது தோட்ட மருத்துவமனையின் ‘டிரஸர்’ முன்னிலையில்தான். அரசாங்கம் இவர்களைத் தோட்ட மருத்துவமனை உதவியாளர்கள் என்று 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பதிவு செய்தது. தோட்டத்திலேயே குடியிருந்த டிரஸருக்குத் தோட்டத்துத் தமிழ் காதுக்குப் பழகியிருந்தது. தோட்டங்கள் சுருங்கியபின் அம்முதியோர் நகர மருத்துவமனையின் வார்டுக்கு வருகின்றனர். டிரஸர் அறிந்திருந்த சொற்களை அங்குள்ள இளந்தாதி பெரும்பாலும் அறியார். அவர் தமிழராக இருப்பினும் அறியார் என்பது கவனிக்கத்தக்கது.

பொம்மையிலிருந்து கணினிவரை

தாதியர் பயிற்சியில் பொம்மையின் வரலாறு நூறாண்டுகளைக் கடந்தது. அமெரிக்காவில் துணிப்பொம்மைகள் செய்துவந்த மார்த்தா சேஸ் என்னும் அம்மையார், ஹார்ட்போர்டு மருத்துவமனைத் தாதியர் பள்ளியின் வேண்டுகோளுக்கு இணங்கி 1911ஆம் ஆண்டில் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். ‘திருமதி சேஸ்’ என்று அழைக்கப்பட்ட அப்பொம்மையைப் புரட்டவும் குளிப்பாட்டவும் படுக்கை விரிப்பு மாற்றவும் மாணவியர் பழகினர். ஊசி போடப் பழகுவதற்கான இடம் பின்னர் அதன் கையில் அமைக்கப்பட்டது. நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால், வாய்வழி மூச்சூட்டப் பழகும் ‘ஆன்’ பொம்மையை 1960ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

கணினியின் வருகையும் நாம் எண்ணுவதைவிட முற்பட்டது. இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ கணினி வழியே தாதியர் மாணவர்க்கு மேரியான் பிட்ஸர் பாடம் அமைத்தது 1960களின் முற்பகுதியில். அவரே தாதியாகப் பயின்றவர். மாணவர் திரையிலுள்ள நோயாளியைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். செய்ய வேண்டியதைத் தெரிவு செய்யலாம். அதன் விளைவைக் கணினி காட்டும். ஏறத்தாழ அதே காலத்தில், 1963ஆம் ஆண்டில், ஹோவர்ட் பாரோஸ் என்னும் மருத்துவர், நோயாளியைப் போல நடிக்கப் பயிற்றப்பட்ட ஒருவரைக் கற்பித்தலில் ஈடுபடுத்தினார். கருவி எதுவும் இல்லாத இம்முறையையும் தொழில்நுட்பம் என்றே கொள்ளுதல் தகும். திட்டமிட்டு, மீண்டும் மீண்டும் ஒரே தரத்தில் நிகழ்த்தக்கூடிய பயிற்றுமுறை அது.

இன்றைய பாவனைப் பயிற்சிக் கூடத்தில் இம்மூன்றும் கலந்துள்ளன. பொம்மையின் மார்பு எழுந்து தாழும், நாடி துடிக்கும், திரையில் இரத்த அழுத்தம் மாறும். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அமர்ந்த ஆசிரியர் ஒலிவாங்கி வழியே நோயாளியாகப் பேசுவார். பத்து, பதினைந்து நிமிட நிகழ்வு முடிந்ததும் மாணவர் வட்டமாக அமர்ந்து, தாம் எதைக் கண்டோம், எதைக் காணத் தவறினோம் என்று மீள்நோக்குவர். கற்றல் பெரிதும் நிகழ்வது இந்த மீள்நோக்கின்போதுதான். அதனைச் சுருக்கிவிட்டுப் பொம்மையின் விலையைப் பெருமையாகப் பேசுவது பொருளற்றது.

இம்முறையின் பயன் குறித்து ஐயம் வேண்டியதில்லை. அமெரிக்கத் தாதியர் வாரியங்களின் தேசிய மன்றம் பத்துப் பயிற்சி நிலையங்களில் நடத்தி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை தரமான பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்தாலும் மாணவரின் அறிவும் திறனும் குறைவதில்லை எனக் கண்டது. மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், வார்டுக்குப் போகாமலே கற்பிக்கும் வழிகளைப் பற்றி எல்லாரும் எண்ண வேண்டியதாயிற்று. ஆயின் பாதிப் பயிற்சி கூடத்துக்குள் வருமாயின், அக்கூடத்தில் இல்லாதது எதுவோ அது மாணவரின் பயிற்சியில் பாதியிலும் இல்லாமற் போகும்.

‘மேல்’ வலிக்கிறது

நம் நாட்டுப் பயிற்சிக் கூடங்களில் பொம்மை பேசும் மொழி மலாய் அல்லது ஆங்கிலம். ஆசிரியர் பேசும் மொழி அதுவாதலின் இது இயல்பே. ஆனால் தோட்டத்து முதியவர் தம் நோயைச் சொல்லும் மொழி வேறு. ‘மேலெல்லாம் வலிக்குது’ என்று ஒரு பாட்டி சொன்னால், ‘மேல்’ என்பது அங்கு உடம்பைக் குறிக்கும். ‘மேல் கழுவுதல்’ என்னும் வழக்கை நினைவிற் கொள்க. நகரில் வளர்ந்த தமிழ் மாணவர் அதனை உடலின் மேற்பகுதி எனக் கொள்ள இடமுண்டு. எழுத்துத் தமிழை நம்பி அமைந்த மொழிபெயர்ப்புச் செயலியும் அவ்வாறே பிறழலாம்.

‘மயக்கம்’ என்னும் சொல் தலைச்சுற்றலையும் குறிக்கும். அரைத்தூக்க நிலையையும் குறிக்கும். நினைவிழந்து விழுதலையும் குறிக்கும். மருத்துவத்தில் இவை மூன்றும் மூன்று வழிகள். ‘இழுப்பு’ என்பது ஒருவர் வாயில் மூச்சிரைப்பு, இன்னொருவர் வாயில் வலிப்பு. ‘கையை இழுத்துக்கிச்சு’ என்றால் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். பக்கவாதத்தில் இரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்தினைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். ‘எப்போதிருந்து?’ என்ற கேள்வி உடனே எழாவிடில் அந்நேரம் கரைந்துவிடும்.

நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவை 1974ஆம் ஆண்டில் வெளியானது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். தெளிவான விடைக்குப் பேச்சில் 5. குழம்பிய விடைக்கு 4. பொருந்தாச் சொற்களுக்கு 3. நோயாளி தமிழில் தெளிவாகவே விடையளித்தும் கேட்பவருக்கு விளங்காவிடில் புள்ளி எவ்வாறு அமையும்? மொழித்தடை முதலியவற்றை முன்னரே ஆராய்ந்து குறிக்க வேண்டும் என்பது இவ்வளவையின் நெறி. எனினும் தடையற்ற நோயாளியிடம் மட்டுமே பழகிய மாணவருக்கு அந்நெறி ஏட்டளவில் நின்றுவிடும்.

வலியைச் சொல்வதிலோ தமிழ் மிகவும் நுண்ணியது. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், தெறிப்பு ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் ஆகா. ரொனால்ட் மெல்சாக் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல் ஆங்கிலத்தில் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லே வலியின் தன்மையை அறியும் கருவியாகும் என்பது அதன் அடிப்படை. ‘வலிக்குதா? ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்கும் பழக்கம் இச்செல்வத்தைத் தொடுவதே இல்லை.

மானிப்பாயில் நடந்தது

கற்பிக்கும் கருவியையும் நோயாளியின் மொழியையும் ஒருசேர எண்ணிய முன்னோடி ஒருவர் தமிழுலகில் உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவ வகுப்பினைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், 1864ஆம் ஆண்டில் தமிழ்வழிக்கு மாறினார். அவர் காலத்துப் புதிய தொழில்நுட்பம் அச்சுநூல். ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய நூல்கள் அவர்தம் முயற்சியால் தமிழில் வந்தன. அவருடைய கலைச்சொற்கள் பல இன்று வழக்கிறந்தன. வடமொழிச் சார்பு மிகுந்தவை என்று குறை கூறுவோரும் உளர். அக்குறை நியாயமானதே. எனினும், ஊருக்குத் திரும்பி மக்களிடையே பணியாற்றப் போகும் மாணவர் அம்மக்களின் மொழியிலேயே நோயைச் சிந்திக்க வேண்டும் என்ற அவரது முடிவு கலைச்சொல் விவாதத்தைவிடப் பெரியது. பாடமொழியைத் தமிழாக்குவது மலேசியாவில் இயலாது, தேவையும் அன்று. இங்கு வேண்டப்படுவது நோயாளியின் மொழி பயிற்சிக்குள் வருவதே. மலாய், சீன மாணவர்க்கும் இது பொருந்தும்.

செய்யத்தக்கது

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பொம்மையின் ஒலிபெருக்கி ஏற்கெனவே உள்ளது. கைப்பேசியில் பதிந்த ஒலிக்கோப்பே அதற்குப் போதும். எடுத்துக்காட்டாக, ‘என்ன பாட்டி செய்யுது?’ என்ற கேள்விக்கு, ‘காலைலேர்ந்து மயக்கமா வருதும்மா, கையை வேற இழுத்துக்கிச்சு’ என்னும் விடை ஒலிக்கட்டும். தமிழறியா மாணவர் மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும் என்று உணர்கின்றாரா, வந்தவரிடம் சரியான வினாவைக் கொடுக்கின்றாரா என்று பார்க்கலாம். தமிழறிந்த மாணவர், எம்மயக்கம், எப்போது இழுத்தது, முகம் கோணியதா என்று விரித்துக் கேட்கின்றாரா என்று பார்க்கலாம். இருவருக்கும் மதிப்பீட்டு அளவுகோல் வெவ்வேறாக அமைதல் வேண்டும். குடும்பத்துப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லும் எளிய வழியின் ஆபத்தும் மீள்நோக்கில் பேசப்பட வேண்டும். பாட்டி தம் சிறுநீர்த் தொல்லையைப் பேரன் வழியாகச் சொல்லமாட்டார்.

இந்திய ஆய்வியல் துறைகளுக்கும் இதில் வேலை உண்டு. தோட்டத்து வழக்குச் சொற்களைக் களத்தில் திரட்டி, ஒவ்வொன்றின் பொருள்களையும் மருத்துவர் ஒருவருடன் அமர்ந்து பிரித்து, மலாய் நிகரன்களுடன் தருதல் மொழியியல் மாணவர்க்கு நல்ல ஆய்வுத் தலைப்பு. பதிவுக்கு உண்மை நோயாளியின் குரலைப் பயன்படுத்துதல் ஆகாது. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளரை எழுத்து வழி ஒப்புதலுடன் அழைத்து, எழுதிய உரையாடலைத் தம் பேச்சு நடைக்கு மாற்றிச் சொல்லுமாறு கேட்டல் வேண்டும். ஒவ்வொரு கூற்றையும் இருமுறை பதிதல் நன்று: ஒருமுறை இயல்பாக, மறுமுறை மூச்சு வாங்கியபடி. மயக்கம், இழுப்பு, மேல்வலி, நீர்க்கடுப்பு ஆகிய நான்கிலிருந்து தொடங்கலாம்.