பழைய வீட்டை வாங்க முன்னர் திருத்தச் செலவைக் கணக்குப் பாருங்கள்

1990 ஆம் ஆண்டு யூன் மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களிற் பல, கால் நூற்றாண்டுக்குப் பின்னரே தமது காணிகளைக் கண்டன. 2015 முதல் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும், சிலருடைய காணி இன்னமும் வேலிக்கு உள்ளேயே இருக்கிறது. சிலருக்குக் காணி கிடைத்தாலும் அது சகோதரங்களுக்கிடையே பங்கு பிரிபட்டுக் கிடக்கிறது. இப்படியானவர்கள் தெல்லிப்பழை, மல்லாகம், அளவெட்டிப் பக்கங்களில் பழைய கல்வீடொன்றை வாங்கித் திருத்திக்கொண்டு இருந்துவிடலாம் என்று யோசிக்கிறார்கள். உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். "காணி விலைக்கே தாறன், வீடு சும்மா" என்று தொலைபேசியில் சொல்லுவார்.

அந்தச் "சும்மா"வுக்கு என்ன விலை என்பதைப் பற்றியே இக்கட்டுரை. முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்து சேர்த்த காசு முழுவதையும் உறுதி எழுதுவதோடு முடித்துவிட்டு, கூரை போட வழியில்லாமல் இரண்டு மாரியை விறாந்தையில் தறப்பாளின் கீழ் கழித்த குடும்பமொன்றை நாம் அறிவோம். அவர்கள் ஏமாற்றப்படவில்லை. விலை நியாயமான விலைதான். திருத்தக் கணக்கை மட்டும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

கூரை இல்லாத வீட்டில் நீங்கள் வாங்குவது என்ன?

ஆட்கள் இல்லாமற் கிடந்த வீடுகளிற் பெரும்பாலானவற்றில் ஓடு, வளை, சலாகை, கதவு, யன்னல், நிலை ஒன்றும் மிஞ்சவில்லை. மின்கம்பியும் போய்விட்டது. நிற்பது சுவரும் அத்திவாரமும்தான். ஆகவே காணி விலைக்கு மேலாக வீட்டுக்கென்று எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது, அதே அளவு அத்திவாரமும் சுவரும் இன்று புதிதாகக் கட்ட எவ்வளவு முடியும் என்று ஒரு மேசனிடம் கேளுங்கள். அந்தத் தொகையிலிருந்து பழைய சுவரைத் திருத்தும் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அந்த வீட்டின் பெறுமதி. சில வீடுகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. இடித்து அகற்றும் கூலியையும் சேர்த்தால் கணக்கு மறுபக்கம் போய்விடுவதும் உண்டு.

கூரையில் இருந்து தொடங்குங்கள். பலருடைய கணக்குப் பிழைக்கும் இடம் அதுதான். 20 அடிக்கு 25 அடி வீடு என்றால் 500 சதுர அடி என்று நினைத்து, அந்த அளவுக்கே ஓடு கேட்கிறார்கள். ஆனால் தாழ்வாரம் நான்கு பக்கமும் 2 அடி வெளியே வரும். அப்போது அளவு 24 அடிக்கு 29 அடி, அதாவது 696 சதுர அடி. அதற்கு மேல் கூரைச் சரிவு இருக்கிறது. வழமையான சரிவுக்கு எட்டில் ஒரு பங்கு அளவில் கூட்ட வேண்டும். ஆகக் கூரைப் பரப்பு ஏறத்தாழ 780 சதுர அடி. 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு வீதம் 1,092 ஓடு. ஏற்றி இறக்கும்போது உடைவது உண்டு, அதற்கு இருபதில் ஒன்று சேர்த்தால் 1,150 வரும். முகட்டோடு தனி. 500 சதுர அடிக்கு 700 ஓடு போதும் என்று கணக்கிட்டவருக்கு 450 ஓடும், அதைத் தாங்கும் மரமும் குறையும். வீட்டில் பீலி இருந்தால், அது சந்திக்கும் இடத்தில் சுவர் எப்படி இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். ஒழுகல் தொடங்குவது அங்கேதான்.

மரத்துக்குப் பனஞ்சலாகை போடுவதானால் விலை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சொந்தக் காணியில் நிற்கும் பனையைத் தறிப்பதற்கும் அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

சுவர்

எங்கள் பகுதியின் பழைய சுவர்கள் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. மேலே கூரை இருக்கும்வரை அவை நூறு வருடமும் நிற்கும். கூரை போனபின் ஒவ்வொரு மாரியிலும் மழைநீர் சுவரின் தலையால் இறங்கிச் சாந்தைக் கரைக்கும். கீழ்ப்பகுதி கல்லுப்போல இருக்க, மேல் இரண்டு மூன்று வரிசை கையால் எடுக்கக்கூடியதாக இருப்பது இதனால்தான். வளை வந்து குந்துவது அந்த வரிசையில். ஆகவே நிலத்தில் நின்று தட்டிப் பார்த்து "சுவர் நல்ல சுவர்" என்று சொல்லக்கூடாது. ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். ஒரு பெரிய ஆணியால் கல்லுக்கு இடையே குத்திப் பாருங்கள். விரல் அளவுக்கு இலகுவாக இறங்கினால், அந்த வரிசைகளைக் கழற்றி மீளக் கட்டி, மேலே கொங்கிறீற் பீம் ஒன்று ஓட்டுவதற்கும் கணக்கில் இடம் வையுங்கள்.

தூக்குக்குண்டு பிடித்து நான்கு மூலையும் பார்க்கவேண்டும். வெடிப்பு இருந்தால் அது பழைய வெடிப்பா, இன்னும் விரிகிறதா என்பதே கேள்வி. வெடிப்பின் குறுக்கே சிறிது சீமெந்தைப் பூசி, திகதியை எழுதிவிட்டு வாருங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் அதுவும் வெடித்திருந்தால் அத்திவாரம் அசைகிறது என்று அர்த்தம். உரிமையாளர் அவசரப்படுத்தினாலும் இந்த ஒரு சோதனைக்காகப் பொறுத்திருப்பது நல்லது. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறை போய்ப் பாருங்கள். வெள்ளம் எங்கே நிற்கிறது என்பதைப் பங்குனி வெயிலில் ஒருவரும் காட்டமாட்டார்கள்.

சுவரில் ஆலும் அரசும் முளைத்திருக்கும். வெளியே தெரியும் செடியை வெட்டுவது சிறிய வேலை. வேர் சுவருக்குள் ஓடியிருந்தால் அந்தப் பகுதியைப் பிரித்துத்தான் கட்டவேண்டும். கொங்கிறீற் பிளேட் போட்ட வீடென்றால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். துருக்கறை, உப்பிய பூச்சு, வெளியே தெரியும் கம்பி என்பன இருந்தால் மேலே பூசி மறைக்க இடம் கொடுக்காதீர்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரோ பொறியியலாளரோ பார்க்காமல் அதன் கீழ் பிள்ளைகளைப் படுக்க வைக்கக்கூடாது.

பூச்சுக்கு, ஒன்றுக்கு ஐந்து கலவையில் மட்டமான சுவருக்கு 100 சதுர அடிக்கு ஒரு பை சீமெந்து அளவில் போகும். நாம் மேலே சொன்ன வீட்டின் உள்ளும் புறமும் சேர்த்து ஏறத்தாழ 2,400 சதுர அடி என்றால் 24 பை. ஆனால் பழைய கற்சுவர் மட்டமாக இராது. பள்ளத்தை நிரப்பவே கலவை போகும். 40 பை வரை எடுத்ததைக் கண்டிருக்கிறோம்.

கிணறு

கிணறு இருக்கிறது என்பதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். பல வருடம் பாவிக்காத கிணற்றில் குப்பை, இடிந்த கட்டு மட்டுமல்ல, வெடிபொருளும் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் அந்தக் காணியைச் சோதித்து ஒப்படைத்திருக்கிறார்களா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யும்வரை யாரையும் இறக்க வேண்டாம். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் 119 க்கு அறிவியுங்கள். காணியிலுள்ள பற்றையை எரிப்பதும் அதே காரணத்துக்காகக் கூடாது.

இறைத்துத் துப்புரவாக்கிய பின் நீரைப் பரிசோதிக்கும் செலவையும் எழுதுங்கள். சுன்னாகத்தில் மின் நிலையமொன்றிலிருந்து நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. தெல்லிப்பழைக்கு அது அயலூர். சுண்ணக்கல் நிலத்தில் நீர் எங்கே ஓடுகிறது என்பது மேலே இருந்து தெரியாது. தோட்ட நிலங்களுக்கு அருகிலுள்ள கிணறுகளில் உரத்தால் வரும் நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

விலைகளை எழுதும்போது

இக்கையேட்டில் நாம் விலை எதையும் அச்சிடவில்லை. 2021 இல் ஆயிரம் ரூபாய் அளவில் நின்ற 50 கிலோ சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டதை எல்லோரும் பார்த்தோம். அச்சிட்ட விலை உங்களைப் பிழையான வழியிற் கொண்டுபோய்விடும். அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி, மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ இரண்டு மூன்று கடைகளில் அதே வாரத்தில் விலை கேளுங்கள். மேசன்மாரிடம் நாட்கூலியையும் கொந்தராத்து விலையையும் தனித்தனியே கேளுங்கள். மறக்கப்படுகிற சிறு செலவுகள் பல: இடிபாடு ஏற்றும் உழவு இயந்திரம், சாரம் கட்டும் மரம், மின் இணைப்பு, மலசலகூடக் குழி, வேலை நடக்கும் மாதங்களின் வாடகை. எல்லாம் கூட்டியபின் ஐந்தில் ஒரு பங்கை மேலதிகமாக ஒதுக்குங்கள். பழைய வீட்டில் பூச்சைக் கழற்றினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

உதவித் திட்டத்தை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாயும் திருத்தத்துக்கு 2,50,000 ரூபாயும் வழங்கப்பட்டன. பணம் வேலை முடிந்த கட்டத்துக்கேற்ப வந்தது. கையில் காசில்லாமல் அடுத்த கட்டத்தை முடிக்கவும், கொடுத்த அளவைவிடப் பெரிதாகக் கட்டவும் கடன் பட்ட குடும்பங்கள் பல. புதிய திட்டம் எதுவாயினும், விலைக்கு வாங்கிய வீட்டுக்கும் அது பொருந்துமா, முன்னர் உதவி பெற்றவர் விண்ணப்பிக்கலாமா என்பவற்றைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே கணக்கில் சேருங்கள்.

உறுதி பற்றி ஒரு சொல். தேசவழமையின்படி கூட்டுரிமையாளருக்கு முன்கொள்வனவு உரிமை உண்டு. ஒரு சகோதரர் கையெழுத்து வைக்காமல் வாங்கிய வீட்டில் நீங்கள் போடும் ஓடும் சீமெந்தும் பிறகு வழக்கில் அகப்படும். நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடிய பின்னரே முற்பணம் கொடுங்கள்.

கணக்கு முடிந்ததும் கொப்பியின் பக்கங்களையும் சுவரின் மேல் வரிசை, வெடிப்பு, கிணறு ஆகியவற்றின் படங்களையும் வெளிநாட்டிலுள்ள உரிமையாளருக்குத் தொலைபேசியில் அனுப்புங்கள். அவரும் 1990 இற்குப் பின் அந்த வீட்டைப் பார்க்காதவராக இருக்கலாம். கூரையோடு நின்ற வீட்டை நினைவில் வைத்துத்தான் விலை சொல்லியிருப்பார். படங்களைக் கண்டபின் விலையை மீண்டும் பேசலாம்.